வாந்தியே வராத பெண்

மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என்னைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. படியேறும்போதே, "கண்ணாயி, ஜன்னல் பக்கம் போயிரு" என்பார்கள். நாலு வளைவு திரும்புவதற்குள் எனக்குக் குடலைப் புரட்டிவிடும். பின்சீட்டுக்காரர்கள் அவசர அவசரமாகத் தங்கள் ஜன்னலை மூடுவார்கள். அப்படிப்பட்ட நான் விமானப்படையில் விமானம் ஓட்டத் தேர்வானேன் என்றால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? சிரித்தது. அப்புறம் பெருமை தாங்காமல் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டும் போனது.

பெண்களையும் விமானம் ஓட்டச் சேர்க்கத் தொடங்கியிருந்த புதிது அது. எனக்கு இருபத்திரண்டு வயது. மைசூரில் நடந்த தேர்வில் கேள்வி கேட்டே களைக்க வைத்தார்கள். பெங்களூரில் கண், காது, கால் நீளம் எல்லாம் அளந்தார்கள். பஸ்ஸைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். ஆள் எப்படிப்பட்டவள் என்று ஊரில் வந்து கேட்டு எழுதுவார்கள். அதில் ஒரு வரி கோணலாக விழுந்தால் நான் பறந்த மாதிரிதான்.

இந்த விஷயங்களுக்கெல்லாம் எங்கள் ஊரின் ஒரே நிபுணர் ஜேசுதாஸ் மாமா. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர்.

"போலீஸ்காரன் கேஸு கீஸெல்லாம் கேக்கமாட்டான் அத்தாயி. ஒடம்புல கொறை இருக்குதான்னுதான் மோப்பம் புடிப்பான். வாந்தி சமாச்சாரம் தெரிஞ்சுதுன்னு வெய்யி, புள்ளையத் திருப்பி அனுப்பிப்போடுவான்" என்று என் அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

அம்மாவுக்கு அது போதாதா? வீடு வீடாகப் போய், "என்ர புள்ளைக்கு வாந்தியே வராதுன்னு சொல்லிப்போடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சேலத்திலிருந்து ஏட்டு கோவிந்தராஜ் சாதா உடையில் வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. கையில் ஓர் எலுமிச்சம்பழம். எங்கள் மலைச்சாமி சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார், பக்தியுள்ள மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன். காப்பிச் செடிகளின் மறைவில் அவர் பின்னாலேயே போனேன்.

முதலில் சுப்பிரமணியின் மளிகைக் கடை.

"சின்னையன் மக கண்ணாயி எப்படிங்க?"

"தங்கமான புள்ளைங்க. வாந்தியெல்லாம் எடுக்காதுங்க."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "நான் அதைக் கேக்கலியே?"

"கேக்காட்டியும் எடுக்காதுங்க."

அடுத்து பக்கத்து வீட்டு மாதம்மாள்.

"அந்தப் பொண்ணைத் தேடி வெளியாளுங்க யாராவது வந்து போறாங்களா?"

"ஆரும் வரமாட்டாங்க. வாந்தியும் வராதுங்க. நேத்துக்கூட வல்லீங்க."

கல்யாணமாகாத பெண்ணுக்கு வாந்தியே இல்லை என்று ஓர் ஊரே சாதித்தால் போலீஸ் மூளை எங்கே போகும்? போகவேண்டிய இடத்துக்கே போனது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் துக்கம் விசாரிக்க வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. பொண்ணோட இந்த நிலைமைக்கு யார் காரணம்?"

அம்மா உடைந்துபோனாள். "எல்லாம் அந்தச் சேலம் பஸ்ஸு டிரைவருதானுங்க!"

ஏட்டுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனி ஒளிந்திருந்தால் கதை எங்கே போய் நிற்குமோ என்று உள்ளே பாய்ந்தேன்.

"ஏனுங்க, நீங்க நெனைக்கற வாந்தி இல்லீங்க! பஸ்ஸுல போனா எடுப்பேன். ஏறினாலும் எடுப்பேன், எறங்கினாலும் எடுப்பேன். எழுதிக்குங்க! ஆனா நானே ஓட்டுனா ஒண்ணும் ஆகாது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு தூரம் வந்ததை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனே! அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எதை ஓட்டுனா?" என்றார் ஏட்டு.

"எஸ்டேட் ஜீப்புங்க. எங்கப்பாதான் அதுக்கு டிரைவரு. எனக்கும் லைசென்ஸ் இருக்குதுங்க."

அவர் பேனாவை மூடினார். எலுமிச்சம்பழத்தை ஒருதரம் உருட்டிப் பார்த்தார். "கீழே போக பஸ் இருக்கா?"

"இப்பத்தான் போச்சுங்க."

மூலையில் நின்ற அப்பா சாவியை என் பக்கம் வீசினார். "கண்ணு, ஏட்டய்யாவை அடிவாரத்துல குப்பனூர்ல எறக்கி உட்டுப்போட்டு வரலாம், எடு வண்டிய."

குப்பனூர் ரோடு எனக்குத் தண்ணீர் பட்டபாடு. ஸ்டியரிங் கைக்கு வந்ததும் பயமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. வளைவுக்கு வளைவு ஒடித்துத் திருப்பினேன். காற்று முகத்தில் அடித்தது, பாட்டுக்கூட வந்தது. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு முனகல்.

"ஏம்மா... நிறுத்து... நிறுத்து!"

ஏட்டு குதித்து இறங்கிப் பள்ளத்துப் பக்கம் குனிந்தார். அடுத்த வளைவிலும் குனிந்தார். அதற்கடுத்த வளைவில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே குனிந்தார். அது சேர்வராயன் தந்த பழமில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்சீட்டில் அப்பா துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

குப்பனூரில் ஒரு சோடா குடித்த பிறகுதான் ஏட்டுக்குப் பேச்சு வந்தது.

"உன் மேல கேஸ் இருக்கா, சகவாசம் எப்படி, நான் பாக்கறது அவ்வளவுதாம்மா. வயிறு டாக்டருங்க பாடு. உன்னைப் பத்தித் தப்பா எழுத ஒண்ணுமே இல்லை. நாளைக்கே அனுப்பிடறேன்."

எனக்கு அங்கேயே இறக்கை முளைத்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் நடுரோட்டில் அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். சோடாக்கடைக்காரர் பயந்துபோய் கிளாஸை எடுத்து உள்ளே வைத்தார்.

கிளம்பும்போது ஏட்டு என் பக்கம் வந்து இருமினார்.

"ஏம்மா, வழியில நடந்தது வெளிய தெரிய வேண்டாம். எங்க ஆளுங்க காதுல விழுந்தா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க."

"அதை எங்க ஊருகிட்ட உடுங்க" என்றேன். "ஆரு வந்து கேட்டாலும் ஏட்டய்யாவுக்கு வாந்தியே வராதுங்க. நேத்துக்கூட வல்லீங்க."