இடது கால் ஷூ

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆள் போகாத வீட்டைத் தேடி அலைந்தால் செருப்பு தேய்ந்துவிடும். தேய்வதும் பெரும்பாலும் ரப்பர் செருப்பாகத்தான் இருக்கும். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊரில் முக்கால்வாசிப் பேர் காலில் ரப்பர் செருப்பு. இதை வேடிக்கை என்பதா வயிற்றெரிச்சல் என்பதா, அவரவர் இஷ்டம்.

அமிர்தவள்ளி கல்யாணமான வருஷத்திலிருந்து கம்பெனியில் அப்பர் செக்‌ஷனில் இருக்கிறாள். அப்பர் என்றால் ஷூவின் மேல்தோல். அதிலும் அவள் கைக்கு வருவது குதிகால் பக்கம் இரண்டு துண்டைச் சேர்க்கும் ஒரே ஒரு தையல். அவள் தைத்ததும் அது அடுத்த மிஷினுக்குப் போகும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகள் வேலை செய்யும் லாஸ்டிங் ஹாலுக்குப் போய், கால் வடிவில் இருக்கும் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தப்பட்டு, அடிபாகம் ஒட்டப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் படுத்துக் கப்பல் ஏறிவிடும். முழு ஷூவை அவள் நின்று பார்த்தது கம்பெனி வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில்தான்.

அவள் கணவர் கோதண்டபாணி மிட்டாளம் பக்கம் மினிபஸ் ஓட்டுபவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"இத்தினி வருஷமா ஷூ கம்பெனி ஷூ கம்பெனின்னு ஓடுறியே அமிர்தம், நீயா முழுசா ஒரு ஷூ செஞ்சிருக்கியா?"

"அது எப்டிங்க ஒருத்தரா செய்ய முடியும்? எத்தினி கை படணும் அதுக்கு!"

"அப்ப உனுக்கு ஷூ செய்யத் தெரியாதுன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அவர் ரசம் கேட்டார். அவளுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. மனுஷர் சொன்னது உண்மை என்பதுதான் கடுப்பு. தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

"உங்க காலுக்கே செஞ்சி காட்றேன். போட்டுக்கினு பஸ் ஓட்டுங்க."

அவர் காலுக்கு ஷூ தேவையாகவும் இருந்தது. சர்க்கரை வந்து ரொம்ப வருஷம். பாதம் மரத்துப்போய், ஒருமுறை பஜாரில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பாதி தூரம் நடந்திருக்கிறார். பூக்காரி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். அதையும் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய கட்டை ஒரு ஜோடி பஜாரில் கிடைத்தது. தோல் துண்டு, அடிபாகம், ஒட்டுகிற சொல்யூஷன் எல்லாம் ஆம்பூரில் உப்பு புளி வாங்குவது மாதிரிதான். பக்கத்து வீட்டு ஜஹீதா வீட்டிலேயே மிஷின் போட்டு அப்பர் தைத்துக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷின் சும்மா கிடக்கும். அதில் உட்கார்ந்து அமிர்தவள்ளி வெட்டினாள், ஓரம் சீவினாள், மடித்தாள், தைத்தாள். எத்தனையோ அப்பர் கெட்டது. கெட்டதையெல்லாம் ஜஹீதாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இன்னாக்கா, என் கட்டிலுக்குக் கீழே ஒரு ஷோரூமே இருக்குது" என்றாள் ஜஹீதா.

லாஸ்டிங் ஹாலில் இருக்கும் ஃபைஸான் விஷயம் கேள்விப்பட்டு கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அமிர்தாக்கா, கட்டையில இழுக்கறது மட்டும் எங்ககிட்ட வுட்ரு. அப்பர எடுத்துக்கினு வா, லஞ்ச் டைம்ல இழுத்துக் குடுத்துர்றேன். அது வேற வேலக்கா."

"நீ இழுத்தா அது நீ செஞ்ச ஷூ. நானே பாத்துக்கறேன் ஃபைஸான்."

"சரி, உன் இஷ்டம்" என்று எழுந்து போனான். தன் கையே தனக்குதவி என்று சின்ன வயசில் படித்ததை அவள் அப்படியே நம்பிவிட்டாள். அந்த ஒரு பதிலைத்தான் பின்னால் அவள் எத்தனையோ முறை வாயில் அடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள்.

"இடது கால மொதல்ல செய்" என்றார் கோதண்டபாணி. "கிளட்ச் மிதிக்கிற கால். அதுக்குத்தான் வேல ஜாஸ்தி."

பாதத்துக்குக் கீழே உள்ளே வரும் அட்டையைக் கட்டையின் அடியில் வைத்து மூன்று சின்ன ஆணி அடித்து நிறுத்தினாள். அட்டை நகராமல் இருக்க அப்படித்தான் அடிப்பார்கள் என்று அவள் காதால் கேட்டிருந்தாள். அப்பரை நனைத்து, குறடால் இழுத்து, ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டினாள். இரண்டு நகம் பெயர்ந்தது. அடிபாகம் ஒட்டுவதற்கு முன் ஆணிகளைப் பிடுங்கினாள். குதிகாலில் ஒன்று, நடுவில் ஒன்று. முன்பக்கத்து ஆணி மடிந்த தோலுக்கும் சொல்யூஷனுக்கும் கீழே மறைந்து கிடந்தது. தன் வேலை சரியாக வந்துகொண்டிருக்கிற பரவசத்தில் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வேலை. ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கட்டையைக் கழற்றும்போது அது கொஞ்சம் அடம்பிடித்தது. புது ஷூ அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவர் காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று உள்ளே தடியான ஸ்பாஞ்ச் வைத்த தோலை ஒட்டி, கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பட்டு மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் பிள்ளை பெற்றபோதுகூட வந்ததில்லை. பிள்ளை பெற்றதை நினைத்தால் வலிதான் முதலில் ஞாபகம் வரும். இது அப்படியில்லை. கறுப்பாக, பளபளவென்று, அவள் உள்ளங்கை மேல் நின்றது ஒரு முழு ஷூ. அதில் எந்தத் தையலைத் தொட்டாலும் அவள் தையல். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஜஹீதாவே "மாஷா அல்லாஹ், கம்பெனி சரக்கு தோத்துப் போவும்" என்றாள். அமிர்தவள்ளி அதை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தாள்.

மறுநாள் காலையில் கோதண்டபாணி இடது காலில் ஷூவும் வலது காலில் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவே சிரித்தது.

"ஒரு காலு ரெடி, இன்னொரு காலுக்கு ஆர்டர் குடுத்திருக்குது!" என்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனார். அமிர்தவள்ளி கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று தெரிந்தும், அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது அவர் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஷூ துடைத்து அலமாரி மேல் ஏறியிருந்தது. சாக்ஸ் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என்றைக்கும் தன் பனியனைக்கூடத் துவைக்காத மனுஷர்.

"எப்டி இருந்துச்சிங்க?"

"மெத்த மாதிரி இருக்குது" என்றார். "இன்னொண்ணையும் செய். ஜோடியா போட்டுக்கினு போறேன்."

அவள் அன்றைக்கே வலது கால் தோலை எடுத்து விரித்தாள்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் என்றார். வீட்டில் என்னவோ நாறுகிறது என்று அவள் மூலை முடுக்கெல்லாம் எலி தேடினாள். ஒரு காலையில் அவர் தூங்கும்போது போர்வை விலகியதில்தான் காலைப் பார்த்தாள். கட்டுத் துணி, அதற்குக் கீழே கறுத்துப்போன விரல்கள். அலறிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். ஆம்பூரில் பார்த்தவர் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே டாக்டரம்மா எப்படிக் காயம் ஆனது என்று கேட்டபோது கோதண்டபாணி அமிர்தவள்ளியைப் பார்க்காமல் சொன்னார்: "கல்லு குத்திட்ச்சிம்மா. செருப்பு போடாம எறங்கிட்டேன்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து போட்டது அவள்தான். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "இனிமே இருக்கற கால பத்திரமா பாத்துக்கங்க. வெறுங்கால்ல ஒரு அடி கூட வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வருவதற்குள் மினிபஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டான். வாய் ஓயாத மனுஷர் கட்டிலில் உட்கார்ந்து, தெருவில் அந்த பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அலமாரி மேல் இடது கால் ஷூ அப்படியே இருந்தது. பாதியில் நின்ற வலதுகால் அப்பரைச் சாக்குக்குள் போட்டுக் கண்ணில் படாமல் வைத்தாள். அவர்தான் விடவில்லை.

"அந்தக் காலு இன்னா ஆச்சி? முடிச்சிடேன்."

"ஒரு ஷூவ வச்சிக்கினு இன்னாங்க செய்யப் போறீங்க?"

"இருக்கறது ஒரு கால் தானே? எனுக்குக் கரெக்டா போச்சி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னது அவள் காதிலேயே நின்றது. வெறுங்காலில் ஒரு அடி வைக்கக் கூடாது. சாக்கை அவிழ்த்தாள்.

அளவு பார்க்க இடதை இறக்கினாள். உள்ளே ஒட்டிய தோலின் முன்பக்க ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் ஒட்டியது அப்படித் தூக்காது. யாரோ உரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். இழுத்தாள், பிரிந்து வந்தது. ஸ்பாஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை, காய்ந்து முரடாக. அதன் நடுவில் ஓட்டை. அட்டையிலும் அதே இடத்தில் ஓட்டை; சுற்றிலும் பிளேயர் பிடித்து நெம்பிய கீறல்.

மூன்றாவது ஆணி. முனை மேலே பார்த்து நின்றிருக்கிறது. கையால் தடவினால் ஸ்பாஞ்ச் மறைத்திருக்கும். ஒரு ஆளின் பாரம் ஏறினால் ஏறி வரும். அதுவும் கிளட்ச் மிதிக்கிற கால், நாள் முழுக்க. கம்பெனியில் ஒவ்வொரு ஷூவையும் இரும்பு காட்டும் மிஷினுக்குள் விட்டு எடுத்த பிறகுதான் பெட்டியில் போடுவார்கள். வெள்ளைக்காரன் காலில் ஊசி முனை பட்டால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். கோதண்டபாணி காலுக்கு அவளை விட்டால் யார் இருந்தார்கள்?

ஷூவைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். அவர் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார்.

"மிட்டாளத்துல டீ குடிக்க எறங்கனப்ப தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "சாக்ஸ் நனஞ்சிருந்துச்சி. வலிக்கவே இல்ல அமிர்தம், நிஜமா. டூல்ஸ் பாக்ஸ்ல பிளேயர் இருந்திச்சி, புடுங்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு நாள்ல ஆறிப்பூடும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லலன்னு கேக்கறேன்!"

அவர் ஷூவின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "காலைல நீ வாசல்ல நின்னுக்கினு இருந்த. திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே தான் போனேன். கல்யாணம் கட்டன நாள்ல இருந்து நீ அப்டி நின்னு நான் பாத்ததில்ல. அத எப்டி ஒடைக்கறது? ஆஸ்பத்திரிக்கிப் போனா நீயும் கூடவே வருவ. கேப்பாங்க, சொல்லணும்."

"நான் சிரிச்சா இன்னா, அழுதா இன்னா உனுக்கு!" இத்தனை வருஷத்தில் அவரை அவள் 'உனுக்கு' என்று சொன்னதில்லை. "போனது உன் காலுய்யா! பாவி! என் சிரிப்ப வச்சிக்கினு நடப்பியா நீ?" அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். ஆணி அவள் தப்பு, அதை மறைத்தது அவர் தப்பு. எது காலைக் கொண்டுபோனது என்று யாரைப் போய்க் கேட்பது?

மறுநாள் கேன்டீனில் ஃபைஸானைத் தேடிப் போனாள். "முன்பக்க ஆணிய எப்போ புடுங்குவீங்க?"

"ஓரத்த மடிக்கறதுக்கு முன்னாடியேக்கா. மடிச்சிட்டா மறஞ்சிடும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானே இழுத்துத் தர்றேன், குடுக்கா" என்றான்.

"இல்ல ஃபைஸான். நான் பக்கத்துல நின்னு பாக்கறேன், ஒரு தடவ காட்டு" என்றாள். அவன் காட்டினான்.

வலது காலை அவள் பயந்து பயந்து செய்தாள். முன்பக்க ஆணியை முதலில் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள். பிறகு மற்ற இரண்டு. கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தாள். கட்டை இந்த முறை வழுக்கிக்கொண்டு வந்தது.

அவர் காலில் போடவில்லை. தன் காலில் போட்டாள். அவர் ஷூவுக்குள் அவள் கால் சுண்டைக்காய். சாக்ஸும் இல்லை, ஸ்பாஞ்சும் இல்லை. வெறும் அட்டை மேல் வெறும் பாதத்தை அழுத்தி வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். முன்பாதத்தை ஊன்றி ஊன்றி மிதித்தாள். அடுப்படியில் வேலை செய்தாள், தண்ணீர் பிடித்தாள், ஜஹீதா வீட்டுக்குப் போய் வந்தாள். ஜஹீதா சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கட்டிலிலிருந்து அவர் அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. எங்கேயும் குத்தவில்லை, கடிக்கவில்லை. இடதைவிட நல்ல ஷூ. கழற்றி உள்ளங்கையில் நிறுத்தியபோது, அன்றைக்கு வந்த அதே சந்தோஷம், வெட்கங்கெட்டது, நெஞ்சில் ஏறியது. அவள் அதை வேண்டாம் என்றாள். அது போகவில்லை.

ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டி, அவர் காலில் போட்டுக் கயிறு கட்டினாள். அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வாசல்வரை போய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்டி இருக்குதுங்க?"

"மெத்த மாதிரி இருக்குது."

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துக் கீழே உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாக விரித்துப் பார்த்தாள்.