சுண்ணாம்பு பூசிய கால்

என் வாய்க்கு இந்த மலையில் ஈடு கிடையாது. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பதினோரு வருடமாக ஆஷா பணியாளர் நான்; வீடு வீடாகப் போய் உடம்பு விசாரிக்கிற வேலை. யாருக்கு பிரஷர், யாருக்குச் சுகர், யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "முருகேஸ்வரி வாரா" என்றால் போதும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கரண்டியில் எடுத்த சர்க்கரை டப்பாவுக்கே திரும்பிப் போகும்.

அப்பேர்ப்பட்ட நான் சொன்ன புத்திதான் சுருளியம்மாளின் காலைக் கெடுத்தது.

மழை பிடித்துவிட்டால் தேயிலைக்குள் அட்டைதான். கொழுந்து கிள்ளும் பெண்கள் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போனாள். அவர்களோடு கொழுந்து கிள்ளும் சுருளியக்காவுக்குச் சுகர் வந்து ஒன்பது வருடம். அட்டை கடித்த இடம் புண்ணாகுமே என்ற பயத்தில், "கெட்டியாப் பூசுக்கா, ஒரு அட்டை அண்டக்கூடாது" என்றேன். அவளும் விரலிடுக்கு விடாமல் பூசினாள். மற்றவர்களுக்கு எரிந்தால் துடைத்துவிடுவார்கள். அவளுக்கு எரியவே இல்லை. எரியவில்லையே என்று நானும் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. இடதுகால் பெருவிரல் இடுக்கில் தொடங்கிப் பாதத்தின் அடிவரை கறுத்த புண்.

"வலிக்கலையாக்கா?"

"வலிச்சா சொல்ல மாட்டனாடி? நல்லாத்தான நடக்குறேன்."

புருஷன் போனபின் அவளுக்கென்று இருந்தது வேலை ஒன்றுதான். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். கால் போனால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அன்றைக்கே ஜீப் பிடித்துக் கோட்டயம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினேன்.

அங்கே டாக்டர் மத்தியாஸ் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்கோ அம்மச்சி. நான் தொடும்போ சொல்லணும், கேட்டோ" என்றார். பாதத்தில் பத்து இடத்தில் இழை வளையும் அளவுக்கு அழுத்தினார். அக்கா இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளையாகக் காத்திருந்தாள். கடைசியில் கேட்டாள்:

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"



சுகர் அவள் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. புண்ணில் என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் எனக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்றிருந்தது. "சுண்ணாம்பு, சார். கெட்டியாப் பூசச் சொன்னது நான்தான்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்தார். பக்கத்துப் பெட்டியிலிருந்து 'உஷ்... உஷ்...' என்று சத்தம் வந்தது. "ரத்தம் ஓடுற சத்தம். ஓட்டம் நல்லா இருக்கு. வெட்ட வேண்டாம்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சுருளியக்காதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அழுகிய தசையைச் சுத்தம் செய்து, குழியில் பஞ்சை வைத்து மூடி, ஒரு சின்ன மெஷினைக் குழாயால் இணைத்தார்கள். அது கசிவை இரவு பகலாக உறிஞ்சியது. அடியில் புதுத்தசை சிவப்பாக ஏறியது. எங்கள் லயத்திலிருந்து முன்பெல்லாம் இரண்டு காலோடு இறங்கியவர்கள் ஒற்றைக் காலோடு ஏறி வந்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் சுருளியக்கா இரண்டு காலோடு ஏறி வந்தாள்.

அவள் வருவதற்குள் நான் குமுளிக்குப் போனேன். காடு பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு அங்கே அட்டை சாக்ஸ் விற்கிறார்கள். முழங்கால்வரை வரும் துணி உறை, ஓர் அட்டை நுழையாது. ஒரு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு இருக்கும் புத்தி, வருஷமெல்லாம் அட்டைக்குள் நிற்கும் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று எனக்கு என் மேலேயே கோபம். ஒரு கட்டு வாங்கிவந்தேன்.

அவள் வேலைக்குத் திரும்பிய காலை, வேலை தொடங்குமுன் பேர் கொடுக்கும் இடத்தில் நாற்பது பெண்கள் முன்னால் நின்றேன். "சுருளியக்கா காலக் கெடுத்தது என் வாயி. இனிமே சுண்ணாம்பு கிடையாது, சாக்ஸ்தான். தெனம் சாயங்காலம் மூஞ்சி பாக்குற கண்ணாடிய கீழ வச்சு உள்ளங்காலப் பாக்கணும். இப்ப ஒவ்வொருத்தியா வந்து கண்ண மூடுங்க" என்று, டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்திருந்த நைலான் இழையை எடுத்தேன்.

ஒரே சிரிப்பு. கூடுதலாகச் சிரித்தவள் கோமதி. முப்பத்தெட்டு வயது, சுகர் பார்க்க வரச் சொன்னால் ஓடி ஒளிகிறவள். சவாலுக்கென்றே முதலில் வந்து, அங்கே கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடினாள்.

நான்கு இடத்தில் தொட்டேன். ஐந்தாவது இடத்தில் அழுத்தும்போது கேட்டாள்:

"என்ன முருகு, தொட மாட்டியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கோமதி கண்ணைத் திறந்து, தன் காலில் அழுந்தியிருந்த இழையைப் பார்த்தாள்.

"பயப்படாத. உனக்குப் புண்ணே வரல. வர விட மாட்டேன்" என்றேன். இந்த முறை என் வாய் சொன்னது சரி என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சுருளியக்கா கீழே உட்கார்ந்தாள். கோமதியின் காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்து, சாக்ஸை மாட்டிவிட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி நிக்குற? அடுத்த ஆளக் கூப்புடு."