கன்னத்தில் ஒதுக்கிய வெல்லம்

“விழுற பல்லுதானே மேடம், பிடுங்கி விட்டுடுங்க. வேலைக்குப் போகணும்” என்றாள் கெம்பம்மா.

மூன்று நாளாக மகள் ஸ்பூர்த்தி பல்வலியில் தூங்கவில்லை. அதனால் அவளும் தூங்கவில்லை. ஆனாலும் மண்டியா சாலையோர வெல்ல ஆலையில் கொதிக்கும் பாகை அச்சில் ஊற்றும் வேலைக்கு ஒரு நாளும் தவறவில்லை.

பல் டாக்டரம்மா குழந்தையின் வாய்க்குள் சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தாள்.

“வயசென்ன?”

“ஏழு முடியப் போகுது.”

“இது விழுற பல் இல்லம்மா. ஆறு வயசுல வாய்க்குள்ள கடைசியில புதுசா முளைக்குமே, அது. சாகிற வரைக்கும் இருக்க வேண்டியது.”

எந்தப் பல்லும் விழாமலே ஒன்று முளைக்கும் என்று கெம்பம்மா கண்டாளா?

“தூங்கும்போது வாயில என்ன வெச்சிருப்பா?”

“வெல்லம்” என்றது குழந்தை.

ஆலையில் பிள்ளை வளர்க்கிற எவளும் செய்வதுதான். கைக்குழந்தைக்குத் துணியில் முடிந்து கொடுப்பார்கள், வளர்ந்தபின் கன்னத்தில் ஒரு துண்டு. அதை ஒதுக்கிக்கொண்டு கரும்புச் சக்கை மேல் தூங்கிவிட்டால், பிள்ளை பாகு கொதிக்கும் கொப்பரைப் பக்கம் வராது.

“தூக்கத்துல எச்சில் அதிகம் ஊறாது. இனிப்பு அங்கேயே கிடக்கும். கிருமி அதைத் தின்னு புளிப்பாக்கும், அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். இதை எடுத்தாகணும். இதே மாதிரி முளைச்ச மத்த மூணுலயும் இப்பதான் கறுப்பு விழுது. ரெண்டு வேளை பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு விட்டு, தூங்கறப்ப வெல்லத்தை நிறுத்தினா, அதுங்களைக் காப்பாத்தலாம்.”

பல்லை எடுத்த மறுநாள் மத்தியானம், கொப்பரை பார்க்கும் சன்னப்பா இளஞ்சூட்டு வெல்லத்தைக் கரும்புச் சீவலில் எடுத்து வந்து ஸ்பூர்த்தியிடம் நீட்டினான்.

“வேணாண்ணா, தூங்கறப்ப வெல்லம் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க” என்றாள் கெம்பம்மா.

“ஆலைக்குள்ள நின்னுக்கிட்டு வெல்லம் வேணாம்கிறவளை இப்பதான் பாக்கறேன். திருப்பி அனுப்பினா பாகுக்கு ராசியில்ல தாயி. டாக்டரம்மா வந்து பாகு காய்ச்சுவாங்களா?”

அதற்குள் அது குழந்தையின் கன்னத்தில் ஏறியிருந்தது. கெம்பம்மா கையைக் கழுவி, விரலை விட்டு எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள். கெட்டுப்போக அந்தப் பக்கம் அவளுக்குப் பல்லே இல்லை.

“அம்மா, என்னுது அது” என்று ஸ்பூர்த்தி அலறினாள். கொப்பரைகளுக்கு நடுவே தூங்காத பிள்ளையை எங்கே விடுவது?

“அச்சு வேலைக்கு வேற ஆள் பாருங்கண்ணா. நான் சக்கை காயப்போடப் போறேன்.”

“இந்த வெயில்லயா?”

அவள் முற்றத்தில் சக்கையை விரித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் அழுதபடி வந்த குழந்தை, அழுது அழுது அலுத்து, வெறும் வாயோடு மாட்டுவண்டி நிழலில் படுத்தது. அது உடனே தூங்கவில்லை. அவள் விரிக்க இன்னும் பாதி முற்றம் பாக்கியிருந்தது.