ஆறு வருடத்துக்கு முந்திய பிழை

றிஷானா மேசைக்கடியில் குனிந்து புதுக் கணினியின் வயர்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, பூரணம் கதிரையைக்கூட நகர்த்தவில்லை. வரப்போகும் கப்பலின் சரக்கு விவரங்களைக் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். அதைக் கணினியில் ஏற்றுவது பக்கத்து மேசை நிருஜாவின் வேலை.

"இது எனக்குத் தேவையில்ல மிஸ்," என்றார் நிமிராமலே.

துறைமுகத்துக்கு அருகிலிருந்த அந்தக் கப்பல் முகவர் நிறுவனத்தில், கணினிப் பிரிவை நம்புவதை எல்லோரும் எப்போதோ விட்டிருந்தார்கள். வருடக்கணக்காக அங்கே யாரும் அழைப்புக்கு எழுந்து வந்ததில்லை; "நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்கோ" என்பதோடு சரி. கிண்ணியாவிலிருந்து வந்து பொறுப்பேற்ற இரண்டு மாதத்தில் றிஷானா ஒவ்வொரு மேசையாகப் போனாள். சொன்ன நாளில் சொன்னதைச் செய்தாள். மெல்ல மற்றவர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். பூரணம் மட்டும் கூப்பிடவில்லை.

காரணம், எல்லோருடைய கோப்புகளையும் முன்பு சேமித்து வைத்த, இப்போது களஞ்சிய அறையில் கிடந்த பழைய சேவர் கணினியின் பதிவுகளில் றிஷானாவுக்குக் கிடைத்தது. ஆறு வருடத்துக்கு முன் ஐந்து மாதக் கோப்புகள் ஒரே நாளில் அழிந்திருந்தன. பூரணம்தான் அழித்தாரென்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, வரவிருந்த பதவி உயர்வையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பழுதாகப்போகிறேன் என்று அந்த இயந்திரம் மூன்று கிழமையாக எச்சரித்திருந்தது. கணினிப் பிரிவில் ஒருவரும் பார்க்கவில்லை; பிரதி எடுக்கவுமில்லை.

றிஷானா அச்சிட்டுக் கொண்டுவந்த அந்தப் பதிவுத் தாள்களை முகாமையாளர் சிவகுரு இரண்டு தரம் வாசித்தார். "பழைய கதை பிள்ளை. இப்பதான் சனம் உங்கட பகுதியை நம்புது. ஏன் நீங்களே கெடுக்கிறியள்?"

"இத மறைச்சிட்டு நம்புங்க எண்டு கேக்க ஏலாது சேர்."

அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. கூட்டத்தில சொல்லுங்கோ."

புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றபோது அவளுடைய குரல் தடுமாறவில்லை. "பூரணம் அக்கா ஒண்டையும் அழிக்கயில்ல. பிழை எங்கட பகுதியில. அப்ப நான் இங்க இல்ல. ஆனா இண்டைக்கு நான்தான் பொறுப்பு. மன்னிச்சிக்கொள்ளுங்க அக்கா. அந்தக் கடிதத்த நீக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கன்."

பூரணம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஏதும் பிழையா அமத்திட்டனோ எண்டு இவ்வளவு காலமும் எனக்கே சந்தேகம்," என்றார். "வீட்டிலகூடச் சொல்லயில்ல."

எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் லீவு. திங்கட்கிழமை காலை கணினிப் பிரிவின் வாசலில் வந்து நின்றார், முதல் தடவையாக.

"மிஸ், என்ர பாஸ்வேர்ட் எனக்கு ஞாபகமில்ல."

றிஷானா அவரோடு மேசைக்குப் போனாள். "புதுசா ஒண்டு போடுங்க அக்கா. நான் அங்கால திரும்பி நிக்கிறன்."

ஜன்னலுக்கு வெளியே இழுவைப் படகொன்று பெரிய கப்பலை அணைத்தாற்போல் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. பின்னால் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஓரெழுத்து, கொஞ்சம் யோசனை, பிறகு இன்னோர் எழுத்து.