சாக்பீஸ் கோட்டைத் தாண்டிய எறும்பு

விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்த நாளிலிருந்து நாகஜோதியிடம் யாரும் ஒரு வேலையும் சொன்னதில்லை. "மதினி, நீங்க சும்மா உக்காருங்க" என்பதுதான் தம்பி மனைவி ஜெயபாரதியின் தினசரிப் பேச்சு. அருப்புக்கோட்டையில் மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் கட்டி மேய்த்தவளுக்கு இது ஜெயில் மாதிரி இருந்தது. அதனால்தான் அன்று காலை ஜெயபாரதி செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வேலை சொன்னபோது, அது ஓணானுக்குச் சாப்பாடு வைக்கிற வேலை என்றாலும், நாகஜோதி உடனே தலையாட்டிவிட்டாள்.

"இன்னைக்கு எனக்கு ஃபுல் டூட்டி மதினி. மதியம் வர முடியாது. ஜமீனுக்கு நீங்கதான் எறும்பு போடணும்."

"போட்டாப் போச்சு. வாழையில விரிச்சு நெய்யும் ஊத்தணுமா?"

"வெளையாடாதீங்க. ரம்ஸியா அத உசுரா வச்சிருக்கா. ஏதாவது ஆச்சுன்னா அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

மேல்மாடியில் குடியிருக்கும் ரம்ஸியாவும் அவள் புருஷன் நூஹுவும் மழை பார்க்க ஓமான் நாட்டுச் சலாலாவுக்குப் போயிருந்தார்கள். போகும்போது கண்ணாடித் தொட்டியோடு ஜமீனை இங்கே விட்டுப் போனார்கள். ஊர் ஓணான் மாதிரி ஒல்லியாக, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை இது. உள்ளங்கை அகலத்தில் அடை போலத் தட்டையாக இருக்கும். உடம்பெல்லாம் முள், தலையைச் சுற்றிக் கொம்பு. யாரோ வரி கட்டாமல் ஏமாற்றிவிட்ட மாதிரி எப்போதும் ஒரு முறைப்பு. அதனால்தான் அந்தப் பெயர்.

அதற்கு எறும்பைத் தவிர வேறெதுவும் இறங்காது. நூஹு பாலைவனத்தில் பிடித்துவந்த கறுத்த எறும்புகள் சமையல்மேடையில் ஒரு பாட்டிலில் இருந்தன. தொட்டியின் ஒரு மூலையில் சூட்டு விளக்கு எரிய வேண்டும், மறுமூலை குளிர்ந்து கிடக்க வேண்டும். விளக்கடியில் படுத்து உடம்பு காய்ந்த பிறகுதான் பசிக்கும். தின்றது போக மிச்சமுள்ள எறும்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை அதைக் கடிக்கும்.

மதியம் ஜமீன் விளக்கடியிலிருந்து நகர்ந்து வந்து முறைத்தது. நாகஜோதி பாட்டிலைத் திறந்தாள். திறந்ததுமே ஓர் எறும்பு விரலில் ஏறிச் சுருக்கென்று கடிக்க, கை உதறி, பாட்டில் சாய்ந்து, பாதி எறும்பு சமையல்மேடையில் சிதறி ஓடியது.

"ஏ, நில்லு, எங்க ஓடுற!"

காலண்டர் தாளைக் கிழித்து, ஓடியதையெல்லாம் விரட்டி விரட்டி வழித்தாள். சுவரோரம் வரை போனதையும் விடவில்லை. கொஞ்சத்தைப் பாட்டிலுக்குள் திருப்பிப் போட்டாள், மீதியைத் தொட்டியில் தட்டிவிட்டாள். ஜமீன் குனிந்து பார்த்தது. நாக்கு வெளியே வந்ததும் தெரியவில்லை, உள்ளே போனதும் தெரியவில்லை. எறும்பைத்தான் காணோம். இன்னொன்று. இன்னொன்று.

"அட, உன் சாமர்த்தியமே! சத்தமே இல்லாம சாப்புடுறியே."

அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகுதான், மணலில் இருந்த ஓர் எறும்பு குடித்தவன் மாதிரி தள்ளாடுவதைப் பார்த்தாள். அது நின்றது, மல்லாந்தது, காலைச் சுருட்டியது. பக்கத்தில் இன்னொன்றும் அதே மாதிரி.

நாகஜோதி மெதுவாகத் திரும்பிச் சமையல்மேடையைப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவைச் சுற்றியும் சுவரோரமாகவும் வெள்ளைக் கோடு. காலையில் அவளே போட்டது. ஊறுகாய், வடகத்தோடு சேர்த்து ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த எறும்புச் சாக்பீஸ். சும்மா உட்காரப் பிடிக்காமல், தம்பி வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்யலாமே என்று ஜெயபாரதி கிளம்பியதும் கிழித்த கோடு. கோட்டின் பாதி, காலண்டர் தாளோடு வழிக்கப்பட்டுப் போயிருந்தது.

மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். செத்ததும் சாகாததுமாகக் கிடந்த எறும்புகளைப் பொறுக்கினாள். தன் சோற்றை எவளோ பறிக்கிறாள் என்று ஜமீனுக்குக் கோபம். இன்னும் ஒன்றைத் தின்னப் பாய்ந்தது. வேறு வழியில்லாமல் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். அது பூரி மாதிரி உப்பியது. அடுத்த நொடி, அதன் கண்ணிலிருந்து ரத்தம் பீச்சியடித்து அவள் புறங்கையிலும் சேலையிலும் தெறித்தது.

"ஆத்தாடி!"

செத்துவிட்டது என்றே நினைத்தாள். ஜெயபாரதிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள். "அக்கா, மீட்டிங், அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டான். கையில் ரத்தத்தோடு நின்றபோது, ஜெயபாரதி தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்த டேப்லெட் அலற ஆரம்பித்தது. திரையில் ரம்ஸியா பெயர். தினமும் மதியம் ஜமீனைப் பார்க்க வீடியோவில் வருவாள்.

எடுக்காமல் இருந்துவிடலாமா? நெட் சரியில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். டேப் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. தொட்டிக்குள் ஜமீனின் பின்னங்கால் ஒன்று வெட்டி வெட்டி இழுத்தது. நாகஜோதி எடுத்தாள்.

"அக்கா, என்ன உங்க கையில ரத்தம்?"

"எனக்கில்ல தாயி. இதுக்குக் கண்ணுலருந்து..."

"ஓ, அதா! பயந்துட்டீங்களா? அது கோவம் வந்தா அப்படித்தான் துப்பும். ஒன்னும் ஆகாது. எங்க, ஜமீனக் காட்டுங்க."

காட்டினாள். ரம்ஸியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "கால் ஏன் இப்படி இழுக்குது? அக்கா, இது கோவமில்ல. எறும்பு தின்னுச்சா?"

"தின்னுச்சு."

ரம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். "நூஹு! எறும்பு எங்க புடிச்சீங்க? ரோட்டோரம் மரத்துக்கு மருந்தடிக்கிற எடத்துல புடிச்சீங்களா? ஒழுங்கா பாத்துப் புடிங்கன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"இல்ல, நான் உள்ள தள்ளித்தான்..." என்று ஓர் ஆண்குரல் திணறியது.

"பொய் சொல்லாதீங்க! வண்டிய விட்டு எறங்கச் சோம்பேறித்தனம். இப்ப பாருங்க!"

நாகஜோதி வாயைத் திறக்கவில்லை. வேண்டியதில்லை. பழி தானாகவே போய் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி, நாளைக்குச் சேர்ந்துகொள்வார்கள். இவளோ இன்னும் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவாள். ஜெயபாரதியும் "இதுக்குத்தான் சும்மா உக்காருங்கன்னேன்" என்று சொல்ல மாட்டாள்.

"ஷார்ஜாவுல டாக்டர் ரகுநாதன்னு ஒருத்தர் இருக்காரு" என்றாள் ரம்ஸியா. "லொகேஷன் ஜெயாவுக்கு அனுப்புறேன். என்ன மருந்து போயிருக்குன்னு கேப்பாரு. தோட்டத்து மருந்துன்னு சொல்லுங்க."

தோட்டத்து மருந்து. டாக்டர் அதை நம்பி அதற்கான ஊசியைப் போடுவார். ஜமீனின் இரண்டாவது காலும் வெட்ட ஆரம்பித்தது.

"அவரத் திட்டாத தாயி" என்றாள் நாகஜோதி. "எறும்பு நல்ல எறும்புதான். நான்தான் மேடையில சாக்பீஸ் போட்டேன். அது மேல ஓடுனத வழிச்சு இதுக்குப் போட்டுட்டேன்."

"என்ன சாக்பீஸ்?"

"எறும்புச் சாக்பீஸ். ஊர்லருந்து கொண்டாந்தது."

ரம்ஸியா அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "அட்டையோட எடுத்துட்டுப் போங்க. ஓடுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துணியை விரித்து ஜமீனை எடுத்து வைத்தாள். இந்த முறை அது உப்பவில்லை, துப்பவும் இல்லை. அதுதான் அவளை ஓட வைத்தது. கீழே வாட்ச்மேன் கௌஸ் முகைதீன், ஒரு கையில் டப்பாவும் மறுகையில் சாக்பீஸ் அட்டையுமாக வெறுங்காலோடு வந்தவளைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"ஓணானுக்குங்க! டாக்டர் ரகுநாதன், ஆஸ்பத்திரி, டாக்சி!"

கேள்வி கேட்கிற மனிதர் இல்லை அவர். தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடுகிற ரோட்டின் நடுவில் நின்று டாக்சியை மறித்தார். டிரைவரிடம் இந்தியில் வழியும் சொன்னார். "ஏசிய என் பக்கம் விடாதீங்க பாய், இதுக்குக் குளிர் ஆகாது" என்று நாகஜோதி தமிழிலேயே சொன்னாள். டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஏசியை அணைத்துவிட்டார். இருவரும் வேர்த்து வழிந்தபடி போனார்கள்.

டாக்டர் ரகுநாதன் முதலில் பார்த்தது மருந்துப் பெயர் அச்சிட்ட அட்டையைத்தான். "இது தெரிஞ்சது நல்லது. வேற மருந்துன்னா வேற ஊசி போட்டிருப்பேன்" என்றார். நடுக்கத்துக்கு ஊசி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விளக்கடியில் வைத்தார். "இப்ப நம்ம கையில ஒன்னுமில்ல. கால் நிக்கணும்."

ஜெயபாரதி டூட்டி உடுப்போடு ஓடி வந்தபோதும் கால்கள் நிற்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே நாகஜோதி சொன்னாள். "எல்லாம் நான்தான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. இது பொழைக்கட்டும்."

"ரம்ஸியா சொல்லிட்டா மதினி."

சேலையில் ரத்தக்கறையோடு, எவருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் ஜெயபாரதி வந்து உட்கார்ந்தாள். இருவரும் கண்ணாடிக்கு உள்ளே இரண்டு சின்னக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று நின்றது. வெகு நேரம் கழித்து மற்றது.

"தேறிடும்" என்றார் டாக்டர். "ஆனா ரொம்ப நாள் பட்டினி போட முடியாது. சுத்தமான எறும்பு வேணும். அந்தப் பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"அதுலயும் சாக்பீஸ் பட்டத போட்டுட்டேன்" என்றாள் நாகஜோதி.

ஜமீனை அன்றிரவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் விடிந்ததும் தம்பி முரளிதரன் காரை ஓட்டினான். ஆள் நடமாட்டம், மரம், தோட்டம் எல்லாம் முடிந்து வெறும் மணல் வரும்வரை நாகஜோதி நிறுத்த விடவில்லை.

"அக்கா, யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? ஆபீஸ்ல நான் மேனேஜர்."

"எறும்பு புடிக்கிறோம்னு சொல்லு. புடி பாட்டில."

மணலில் மண்டியிட்டு, புற்று வாயில் குச்சியை வைத்து, ஏறியதையெல்லாம் பாட்டிலுக்குள் தட்டினாள். விரல்களில் கடித்தன. இன்று கை உதறவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஜெயபாரதியும், டேப்பில் ரம்ஸியாவும், அவள் தோளுக்குப் பின்னால் நூஹுவும் பார்க்க, ஓர் எறும்பை மட்டும் தொட்டியில் விட்டாள். எறும்பு ஜமீனின் மூக்குக்கு நேரே ஊர்ந்தது. ஜமீன் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. எறும்பு அதைக் கடந்து போயே விட்டது.

ஜமீன் சாவகாசமாகத் திரும்பியது. எறும்பைக் காணோம்.

"இன்னொன்னு விடுங்க அக்கா" என்றாள் ரம்ஸியா. நேற்றிலிருந்து அவள் நாகஜோதியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நாகஜோதி இன்னொன்றை விட்டாள்.