இரண்டு முறை கழித்த ஒன்று

1

இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மோர்மிளகாயிலிருந்து. 2005 மே மாதம், பகல் பன்னிரண்டரை. சாத்தாங்காடு இரும்புக் கிடங்கிலிருந்து பீம்ராவ், தன் மனைவி மகிழினிக்கு போன் செய்தான்.

“மோர்மொளகா வெச்சியா?”

“மூடிக்குள்ள கீது பாரு.”

“இத்தப்போய் இங்க ஒளிச்சிக்கீறியே. சிஐடிய வுட்டுத்தான் தேடணும் போல.”

“துன்னுட்டுப் பேசுய்யா.”

2

(நிரல் எழுதாதவர்களுக்கு.) கிடங்கில் காந்தத்தால் தகடு தூக்கும் கிரேனை ஓட்டும் கணினிக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. எந்தத் தகட்டைத் தரையின் எந்தக் கட்டத்தில் இறக்குவது என்று மகிழினி அதில் எழுதுவாள். அந்த மொழிக்கு மோட்டாரைத் தொடத் தெரியாது. தொட்டு ஓட்டும் மாட்யூலை பீம்ராவ் சி மொழியில் எழுதுவான். அவளுடைய மொழி ஒன்றிலிருந்து எண்ணும், அவனுடையது பூஜ்யத்திலிருந்து. அவள் மூன்று என்றால் அவன் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவன் அதை அடிக்கடி மறப்பான்.

3

சாப்பிட்டதும் சோதனை. தகடு மூன்றாம் கட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் கட்டம் காலி. அங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று பீம்ராவ் நின்றான். தலைக்கு மேலே கடந்து போய்விடும் என்றே நினைத்திருப்பான்.

அவன் மட்டும் நிமிர்ந்து

அந்தச் சத்தம்

(இந்த இடத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் நின்றது கீழே உள்ள வரிதான்.)

காந்தம் இரண்டாம் கட்டத்தில் தகட்டை விட்டது.

4

மகிழினி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாம் பகுதியில் அவளைத் தப்பவிட்டேன். இவன் எப்படியும் மறந்திருப்பான் என்று முந்தின நாளே அவள் தன் பக்கத்தில் ஒன்றைக் கழித்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். மறுநாள் காலையில் அவனுக்கே நினைவு வந்தது. அவனும் கழித்தான். மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஒன்று என்பது இரண்டாம் கட்டம்.

மகிழினி நான்தான்.

5

விசாரிக்க வந்தவர் மாட்யூலை யார் எழுதியது என்று கேட்டார். அதில் ஒன்றைக் கழித்த வரி அகப்பட்டதும் போதும் என்று எழுந்துவிட்டார். ஸ்கிரிப்டைக் கேட்கவில்லை. நானும்

பதினாறாம் நாள் என் மாமியார் பூவம்மா கேட்டார்: “எம்புள்ள கணக்குல தப்பு வுட மாட்டானே. இன்னாம்மா ஆச்சி அவனுக்கு?”

“தெர்ல அத்தே” என்றேன்.

6

ஒரு முடிவு: இந்தத் தாள்களை மாமியாருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இன்னொன்று: அவர் காலத்துக்குப் பிறகு அச்சுக்குக் கொடுக்கிறேன். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். இந்தக் கதை உங்கள் கையில் இருக்கிறது என்றால் நான் எதைச் செய்தேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்காதீர்கள்.

விபத்து அறிக்கையில், தவறு செய்தவர் என்ற இடத்தில், இன்னமும் பீம்ராவின் பெயர்தான் இருக்கிறது.