தாயின் பார்வையில்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. கல் சுமந்து விட்டுப்போயிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். இது நாற்காலியில் உட்கார்ந்தே விட்டுப்போன இடுப்பு. எழுந்திருக்க முயன்றபோது முதுகின் அடியில் யாரோ ஆப்பு இறக்கின மாதிரி சுளீரென்றது. பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிக் கொள்கைத் துறையின் மூலை அறையில், மேசையைப் பிடித்துக்கொண்டு, எழுந்ததும் எழாததுமாக அவள் நின்றாள்.

"உட்காருங்கக்கா. இதைப் பாத்தா எப்படியும் உட்காரத்தான் போறீங்க," என்றான் புள்ளிவிவரக்காரன்.

துறையின் எண்களெல்லாம் அவன் கையில்தான். எண்ணைப் பற்றிப் பேசினால் வாய் ஓயாது அவனுக்கு. இன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். கணினித் திரையில் வரைபடத்தின் இரண்டு கட்டைகள் நின்றன. ஒன்று மேல்குவாரி, ஒன்று கீழ்க்குவாரி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே உயரம்.

"என்ன தம்பி இது?"

"பிள்ளைங்களுக்கு அடிபட்ட கணக்கு. மேல்குவாரியில காப்பகம் இருந்துச்சு, கீழ்க்குவாரியில இல்ல. ஆனா ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு."

"எங்கயாவது தப்பா போட்டிருப்ப."

"போட்டுப் போட்டுப் பாத்துட்டேன்க்கா. பெரியவங்க பார்வையில பிள்ளை இருந்த நேரத்தையும் பாத்தேன். அதுவும் ஒண்ணாதான் வருது."

"அப்படின்னா?"

"காப்பகம் வச்சதுல ஒரு பிரயோஜனமும் இல்லன்னு வருதுக்கா."

அவள் உட்கார்ந்தாள்.

ஒரே மலையை இரண்டு பக்கமும் தின்றுகொண்டிருக்கும் இரண்டு கல்குவாரிகள் அவை. ஆண்கள் வெடி வைத்துப் பிளப்பார்கள், பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள், பிள்ளைகள் கல்லுக்கும் லாரிக்கும் நடுவில் புரளும். ஒரு குவாரியில் மட்டும் வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் கட்டி, மற்றதை இருந்தபடியே விட்டு, இரண்டு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. பலன் தெரிந்தால் மற்ற குவாரிக்கும் கட்டிக்கொடுக்க வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று தயாராக இருந்தது. எந்தக் குவாரிக்கு முதலில் என்று கணினியில் குலுக்கிப் போட்டார்கள். மேல்குவாரிக்கு விழுந்தது.

அவள் பிறந்தது கீழ்க்குவாரியில். அம்மா அங்கேதான் ஜல்லி உடைத்து உடைத்துத் தேய்ந்துபோனாள். அண்ணன் அங்கேதான் இன்னும் கல்லரைக்கும் கிரஷர் ஓட்டுகிறான். சத்தத்தில் காது போய்விட்டது, அவனைக் கல்லெறிந்துதான் கூப்பிட வேண்டும். அண்ணி ஜல்லி உடைக்கிறாள். இதெல்லாம் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியருக்கும் தெரியும். தெரிந்துதான் களவேலையை அவளிடம் கொடுத்தார். அங்கே பிறந்தவள் கேட்டால்தான் அந்த ஜனங்கள் வாயைத் திறப்பார்கள் என்பது அவர் கணக்கு. அது தப்பவில்லை. கேள்வித்தாளும் கையுமாக அவள் போய்ப் போய், குவாரியில் அவளுக்குப் பேப்பர்க்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது.

காப்பகம் திறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சிக்கல் வந்தது. கீழ்க்குவாரிப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லாரிப்பாதை வழியாக மேலே ஏறி, காப்பகத்தில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஆயாவும் முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டாள். பேராசிரியர்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளைகளும் காப்பகத்தில் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

"எல்லாம் கலந்துபோச்சும்மா. நீ போய்ப் பேசினாதான் கேப்பாங்க," என்றார்.

அவள் போனாள். காப்பகத்தின் கம்பிக்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது அண்ணி, தோளில் அவள் பிள்ளை வாண்டு. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். கதவைப் பார்த்ததும் இறங்கத் திமிறினான்.

"என்ன நாத்தனாரே, வாசல்காரி வேலையும் சேத்துக் குடுத்துட்டாங்களா?"

"அண்ணி, இது மேல்குவாரிப் பிள்ளைங்களுக்கு மட்டும்."

"உள்ள எடம் இல்லையா?"

"எடம் இருக்கு."

"அப்புறம்? எங்க பிள்ளைங்க உக்காந்தா தரை தேஞ்சிடுமா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

"ஆராய்ச்சி முடியட்டும் அண்ணி. முடிஞ்ச கையோட கீழ்க்குவாரிக்கும் வரும்."

"யார் சொல்றா? உன் பல்கலைக்கழகம் சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

பேராசிரியர் சொல்லச் சொன்னது வேறு. பலன் இருந்தால் பரிசீலிப்பார்கள் என்பதுதான். அவள் வாயில் அது 'வரும்' என்று ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லை நம்பி அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். வாண்டு அண்ணியின் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்துக்கொண்டே, திருப்பம் வரைக்கும் அழுதுகொண்டே போனான்.

அதற்குப் பிறகு கீழ்க்குவாரியில் ஒரு வீடுகூட அவளுக்குக் கதவைச் சாத்தவில்லை. கேட்டபோதெல்லாம் பதில் சொன்னார்கள்.

இரண்டு கட்டைகளும் ஒரே உயரம் என்பதை அவள் மனம் ஏற்கவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். குவாரிக்கு முந்தின நிறுத்தத்திலேயே தூசி பல்லில் நறநறத்தது.

அண்ணி தகரத் தட்டிக்கு அடியில் குந்தி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் வளையத்துக்குள் கல்லை நிறுத்தி, சுத்தியலால் ஒரு போடு. தட்டியைத் தாங்கும் மரக்காலுக்குப் பக்கத்தில் வாண்டு உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியில் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டான். அத்தையைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான். பாதி தூரத்தில் கால் பின்னால் இழுக்க, முகம் குப்புற விழப்போய்க் கையை ஊன்றிக்கொண்டான். அழவில்லை. இதுதான் எல்லை என்று தெரிந்தவன் மாதிரி அங்கேயே நின்று கையை நீட்டினான்.

கணுக்காலில் துணி முடிச்சு. அதன் மறுமுனை தட்டியின் காலில்.

அவள் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். இடுப்பில் உயிர் போயிற்று.

"ஏய், கைய எடு! அவுத்து விட்டா நீயா பின்னால ஓடுவ? நிமிரவே முடியல, வந்துட்டா."

"எப்ப இருந்து அண்ணி இப்படிக் கட்டுறீங்க?"

"இது என்ன புதுசா? உன்னையும் உங்கம்மா இப்படித்தான கட்டிப்போட்டு வளத்துச்சு. கால்ல தழும்பு இன்னும் இருக்குமே."

இருந்தது. செருப்பு வார் மறைக்கிற இடத்தில், வெளுத்த ஒரு கோடு. அதை அவள் ஒரு தழும்பாக எண்ணியதே இல்லை. கால் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தாள்.

"இல்ல அண்ணி, வாண்டு முன்னால இப்படி இல்லையே. பெரிய பிள்ளைங்களோட சுத்திக்கிட்டுத்தான இருந்தான்?"

அண்ணி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைங்க காப்பகத்து ருசி கண்டுட்டாங்கல்ல? நீ திருப்பி அனுப்புன பெறகும் தினம் அந்தப் பாதையிலயே ஏற ஆரம்பிச்சிட்டாங்க. லாரி வர்ற பாதை. நாங்க உக்காந்து உடைப்பமா, ஓடி ஓடிப் புடிப்பமா? இவன ஒரு நாள் டிரைவர் சக்கரத்துக்கு முன்னால இருந்து தூக்கிட்டு வந்து போட்டுட்டு, என்னை வாயில வந்ததெல்லாம் திட்டிட்டுப் போனான். அன்னைக்குக் கட்டினதுதான். நான் மட்டுமா? அந்தா பாரு."

பார்த்தாள். தட்டிக்குத் தட்டி, காலுக்குக் கால், ஒரு துணி.

"அண்ணி, சொந்தக்காரங்கன்னு உங்கள மட்டும் எங்க வேற ஆளுங்க வந்து கேட்டப்ப என்ன சொன்னீங்க? நேத்து வேலை நேரத்துல பிள்ளை எங்க இருந்துச்சுன்னு?"

"என் கண்ணு முன்னாலன்னு சொன்னேன். பொய்யா? இந்தா, கண்ணு முன்னாலதான கெடக்குறான்."

"அடிபட்டுச்சான்னு கேட்டாங்களே?"

"நகந்தாத்தான அடிபடும்? எருமையக் கட்டிப்போட்டா எங்க போய் மேயும்?"

அந்தக் கேள்வியை எழுதியது வேறு யாருமல்ல, அவள்தான். வீட்டில், காப்பகத்தில், வேலையிடத்தில் தாயின் பார்வையில், யாருடைய பார்வையிலும் இல்லாமல். இந்த நாலில் ஒன்றைக் குறிக்கவேண்டும். கட்டிப்போட்ட பிள்ளைகளெல்லாம் தாயின் பார்வையில் போய் விழுந்திருந்தார்கள், காப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சமமாக, பத்திரமாக. துறையில் வேறு யார் எழுதியிருந்தாலும், முதல் முறை குவாரிக்கு வந்து ஒரு பிள்ளையின் காலில் துணியைப் பார்த்ததுமே பதறிப்போய் அதற்கென்று ஒரு கேள்வி சேர்த்திருப்பார்கள். அவள் பதறவில்லை. அவள் கண்ணில் அது படவே இல்லை.

மறுநாள் பேராசிரியர் அறைக்கு அவள் நிற்க முடியாமல்தான் போனாள். அவர் கெட்டவர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் தன் மெத்தை நாற்காலியைத் தள்ளிக்கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலின் தழும்பை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப காப்பகத்தால பலன் இல்லங்கிறது பொய் சார். கீழ்க்குவாரியில பிள்ளைங்க பத்திரமா இல்ல. கட்டிப்போட்டு வச்சிருக்காங்க. நம்மாலதான் கட்டிப்போட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"இன்னொரு சுற்று போவோம் சார். கட்டிப்போட்டீங்களான்னு ஒரு கேள்வி சேத்து..."

"முடிவைப் பாத்த பெறகு அளவுகோலை மாத்தலாமா?"

அவள் கையிலிருந்த கேள்வித்தாளை மடித்து மடியில் வைத்தாள்.

"நீயே சொல்லும்மா. என்ன அளக்கப்போறோம், எப்படி அளக்கப்போறோம்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே எழுதிப் பதிவு பண்ணிட்டோம். இப்ப நமக்குப் பிடிக்காத முடிவு வந்திருக்கு. உடனே புதுசா ஒண்ண அளக்கிறோம்னு போனா நம்மள யார் நம்புவாங்க? எனக்கு மட்டும் அந்தக் காப்பகம் வேண்டாமா?"

முதல் வருட மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே அவள்தான். போன மாதம்கூட இதே சொற்களில் எடுத்தாள்.

"கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு போடலாம். தாய்மார் சிலர் பிள்ளைகளைக் கட்டிவைக்கும் வழக்கம் உண்டு, அது முடிவைப் பாதிச்சிருக்கலாம்னு."

"அடிக்குறிப்பைப் பாத்து அறக்கட்டளை பணம் குடுக்குமா சார்?"

"குடுக்காது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவங்க நேத்தே எழுதிட்டாங்க. இந்தக் கேள்விக்குப் பதில் கெடைச்சிடுச்சாம், அடுத்த நாட்டுல அடுத்த கேள்விக்குப் போறாங்களாம். மேல்குவாரிக் காப்பகத்தையும் இந்த மாசக் கடைசியோட மூடச் சொல்லிட்டாங்க."

அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அவள் எழப்போனாள். அவர் கையமர்த்தினார்.

"ஒரு நல்ல சேதியும் இருக்கும்மா. அந்த அடுத்த நாட்டு வேலைக்கு உன்னைத்தான் கேட்டிருக்காங்க. கீழ்க்குவாரியில ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு குடும்பம்கூட விலகல. இப்படி ஒரு களவேலைய அவங்க பாத்ததே இல்லையாம். எப்படிச் செஞ்சாங்கன்னு கேக்குறாங்க."

எப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி சார் என்றாள்.

மூடப்போகிற சேதியைக் குவாரிப் பெண்கள் லாரிக்காரர்கள் வாயால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். துறையில் அப்படித்தான் செய்வார்கள், களத்தை முடித்தபின் யாரும் திரும்பிப் போவதில்லை. அவள் போனாள். மதிய இடைவேளையில் பெண்கள் தட்டிகளின் நிழலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

"பேப்பர் எங்க பேப்பர்க்காரி? வெறுங்கையோட வந்திருக்க?"

"கேள்வியெல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அப்பாடா. அப்ப காப்பகத்துக்குக் கொட்டகை போட எப்ப ஆள் வருது?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆராய்ச்சியில் காப்பகம் தேவையில்லை என்று வந்திருக்கிறது. இங்கே வராது. மேலே இருப்பதையும் மூடுகிறார்கள்.



"தேவையில்லன்னு யார் சொன்னா?" என்றாள் அண்ணி.

"நாம சொன்ன பதில்ல இருந்துதான் அண்ணி அப்படி வந்துச்சு."

"நாம இல்லடியம்மா, நாங்க. நீ கேட்ட, நாங்க சொன்னோம். ஒண்ணையாவது ஒளிச்சமா?"

"இல்ல அண்ணி. கேள்விதான் தப்பு. நான் எழுதின கேள்வி."

திட்டுவார்கள் என்றுதான் வந்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் சுளுவாகக்கூட இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தவள் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். மற்றொருத்தி, "சரி விடு, மேல்குவாரிக்காரிங்களும் இனிமே துணி தேடணும்," என்றாள். யாரோ மூக்கால் சிரித்தார்கள். இடைவேளை முடிந்து ஒவ்வொருத்தியாகத் தன் கல்லுக்குப் போனாள். அண்ணி மட்டும் எழாமல் இருந்தாள்.

"வேலை போயிடுச்சா உனக்கு?"

"இல்ல அண்ணி. வேற நாட்டுக்கு அனுப்புறாங்க. பெரிய வேலை."

"அங்கயும் கேள்வி கேக்கவா?"

"ம்."

"கேளு." அண்ணி சுத்தியலை எடுத்துக்கொண்டாள். "ஆனா அங்க யாருக்கும் வரும்னு சொல்லிடாத. இங்க சொன்னதே இன்னும் பாக்கி இருக்கு."

வாண்டு தூங்கிவிட்டிருந்தான். துணி இழுபட்ட நிலையிலேயே, கால் மட்டும் தட்டியைப் பார்க்க நீண்டிருந்தது. அவள் தட்டிக்காலைப் பிடித்து, பல்லைக் கடித்து இடுப்பைத் தூக்கி நிறுத்தி, லாரிப்பாதையில் நடந்தாள். சுத்தியல்கள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன.

கீழ்க்குவாரிக்கு அவள் ஒரு காப்பகம் கடன்பட்டிருந்தாள். கூரை போட்டது, கம்பிக்கதவு வைத்தது, ஒரு ஆயாவோடு.